வெளிநாட்டில், நெரிசலான நகரச் சாலையில் ஓட ஆரம்பிக்கலாமா?

பாங்காக்கில் வேலை, சுகும்விட் சாலையோரம் வீடு, ஓடலாம் என்றால் வாசலிலேயே வண்டி நெரிசல், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர் என்று நினைக்கிறேன். சாயங்காலம் அறைக்குத் திரும்பினால் போனைத் தவிரத் துணையில்லை, இல்லையா? நான் அதே சாலையில் ஆன் நட் பக்கம் இருக்கிறேன். ஓடலாம். அந்தச் சாலையிலேயே ஓடலாம்.

"லும்பினி பூங்கா இருக்கும்போது ரோட்டில் ஏன் ஓட வேண்டும்?" என்று இங்குள்ள நம்மவர்கள் ஆரம்பிப்பார்கள். ஒரு பொங்கல் விருந்தில் இதை வைத்தே என்னை ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள். லும்பினியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு சுற்று 2.5 கிலோமீட்டர், மர நிழல், ஏரிக்கரையில் ஆளைச் சட்டை செய்யாத உடும்புகள். மாலை 6 மணிக்கு தேசிய கீதம் ஒலித்தால் ஓடுகிறவர் அத்தனை பேரும் அப்படியே நின்றுவிடுவார்கள். ஆனால் நான் அங்கே போக ரயிலேறி, சியாம் ஸ்டேஷனில் மாறி, சாலா டேங் ஸ்டேஷனில் இறங்க வேண்டும். ஓடி முடித்து நனைந்த சட்டையோடு அதே ஏசி ரயிலில் திரும்ப வேண்டும். தினமும் அதைச் செய்கிறவர்களுக்கு ஒரு கும்பிடு. காலையில் கம்ப்யூட்டர் முன் உட்கார வேண்டிய எனக்கு வாசல் ரோடு இருந்தால்தான் ஓட்டம் உண்டு.

அப்புறம், அபார்ட்மெண்ட்டில் ட்ரெட்மில் இருக்குமே என்பார்கள். இருக்கிறது, பழுது என்று ஒரு தாள் ஒட்டியபடி. மழைக்காலத்துக்கு முன்னால் ஒட்டிய தாள். கேட்டால் சிரிக்கிறார்கள். ஆனால் கரண்ட் பில் மட்டும் தவறாமல் வரும், யூனிட்டுக்கு 8 பாத். அரசுக் கட்டணம் அதற்கு வெகு கீழே. வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் யூனிட் விலையைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, சாலைக்கு வருவோம். சுகும்விட்டில் பயம் பெரிய சாலையில் இல்லை, அங்கே வண்டி நகர்ந்தால்தானே! ஒவ்வொரு சோய் முனையிலும்தான் பயம். சோய் என்பவை கிளைத்தெருக்கள், ஒற்றைப்படை எண்கள் ஒரு பக்கம், இரட்டைப்படை எதிர்ப்பக்கம். இங்கும் நம் ஊர் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஓடு என்பார்கள். சாலையில் இறங்கி ஓடுகிறவனுக்கு அது சரி. நடைபாதையில் ஓடுகிறவனுக்கு அதில் ஒரு சிக்கல் உண்டு. ஒற்றைப்படைப் பக்கம், அடுத்த ஸ்டேஷனான பிரா கனோங்கை நோக்கி நான் ஓடும்போது வண்டிகள் எனக்கு எதிரே வருகின்றன. சோயிலிருந்து வந்து இடப்பக்கம் திரும்புகிறவர் தன் வலப்பக்கத்தை மட்டும் பார்ப்பார், வண்டி அங்கிருந்துதானே வரும். நான் வருவதோ அவருடைய இடப்பக்கத்திலிருந்து. அவர் கணக்கிலேயே நான் கிடையாது. அதனால் அவர் என்னை நேராகப் பார்க்காதவரை வண்டிக்கு முன்னால் கடக்க மாட்டேன், பின்பக்கம் சுற்றிப் போவேன். நேரம் போனால் போகட்டும்.

ஒருநாள் விடியற்காலை, முந்தின ராத்திரி நல்ல மழை. நடைபாதையில் ஆட்டம் கண்ட கல்லை மிதித்தால் அடியில் தேங்கிய கறுப்புத் தண்ணீர் முழங்கால் வரை பீச்சும். பார்த்துப் பார்த்துக் கால் வைத்து ஒரு சோய் முனைக்கு வந்தேன். ஆரஞ்சுச் சட்டை போட்ட பைக் டாக்ஸிக்காரர்கள் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். சுட்ட பன்றிக்கறிக் குச்சியைக் கடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுந்தார். வெளியே மூக்கை நீட்டிய பிக்கப் வண்டியின் பானெட்டில் ஒரு தட்டு தட்டி நிறுத்தி, என்னைப் போகச் சொல்லிக் கை காட்டினார். குச்சியை வாயிலிருந்து எடுக்கவேயில்லை. அதற்கப்புறம் என்னைக் கண்டாலே "சூ சூ" என்று உற்சாகப்படுத்துவார்கள், தாய்லாந்து மொழியில் "விடாதே" என்கிற மாதிரி. இந்த ஊரில் ஆபீசுக்கு வெளியே என் முகம் தெரிந்த முதல் ஆட்கள் அவர்கள்தான். இதே ஆட்கள் அவசரத்தில் நடைபாதை மேலேயே பைக்கை ஏற்றுவார்கள் என்பதும் உண்மை. சட்டப்படி அபராதம் உண்டு, ஏற்றுவது நிற்கவில்லை.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விடிவதற்கு முன் கிளம்புங்கள், தள்ளுவண்டிகள் கடை விரித்துவிட்டால் நடைபாதை அவர்களுடையது. தெருநாய் குரைத்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை நுண்துகள் மாசு மோசமாகும், அந்த நாட்களில் நான் காற்றுத்தரம் பார்க்காமல் செருப்புகூடப் போடுவதில்லை. "புகையைக் குடிக்கவா ஓடுகிறாய்?" என்று கமெண்டில் கேட்கப்போகிறவர்களுக்கும் இதுதான் பதில். நான் டாக்டர் இல்லை. ஆஸ்துமா இருப்பவர்கள் என் பேச்சைக் கேட்டுக் கிளம்ப வேண்டாம். பெண்களுக்கு இருட்டில் ஓடும் அனுபவம் வேறாக இருக்கும், அதை ஓடுகிற பெண்கள்தான் சொல்ல வேண்டும்.

ரோட்டில் ஓடுவது பைத்தியக்காரத்தனம் என்பவர்கள் சட்சார்ட் சிட்டிபன்னையும் சேர்த்துத் திட்டுங்கள். 2022-இல் பாங்காக் ஆளுநராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். விடியுமுன் ஓடுவார், ஓடிக்கொண்டே முகநூலில் நேரலையும் போடுவார்.

எந்தச் சோய் என்று நீங்கள் எழுதவில்லை. 77-க்கும் 55-க்கும் இடையில் என்றால் சொல்லுங்கள், எந்த முனையில் நிற்க வேண்டும், எங்கே கல் ஆடுகிறது என்று எழுதுகிறேன்.