ஒட்டிய சாயத்தைப் போக்குவது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: புதிய சிவப்புத் துணியோடு சேர்த்துத் துவைத்ததில் வெள்ளைப் பருத்திச் சட்டை இளஞ்சிவப்பாகிவிட்டது. குளோரின் பிளீச்சில் ஊறவைத்தும் பயனில்லை. ஹைட்ரோஸ் உதவுமா?

பதில்: பெரும்பாலும் உதவும். குளோரின் பிளீச் ஆக்சிஜனேற்றத்தால் வெளுக்கிறது. ஹைட்ரோஸ் எனப்படும் சோடியம் டைதயோனைட் அதற்கு நேர்மாறாக, ஒடுக்கத்தால் வெளுக்கிறது. சிவப்புச் சாயங்களில் பல அசோ வகையைச் சேர்ந்தவை. அவற்றின் இரண்டு நைட்ரஜன் அணுக்களுக்கு இடையிலுள்ள இரட்டைப் பிணைப்பை ஹைட்ரோஸ் அறுத்துவிட்டால், மூலக்கூறு பெரும்பாலும் நிறமற்ற துண்டுகளாகப் பிரிந்துவிடும். போன நிறம் திரும்பாது.

முதலில் சட்டையில் பிளீச்சின் வாடை சிறிதும் இல்லாதபடி அலசுங்கள். இவ்விரண்டு பொருள்களும் ஒன்றோடொன்று கலக்கவே கூடாது. பிறகு பிளாஸ்டிக் வாளியில் ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸ் சூடுள்ள நீரை எடுத்து, லிட்டருக்கு 2 அல்லது 3 கிராம் ஹைட்ரோஸ் தூளும் அதே அளவு சலவைச் சோடாவும் கரைத்து, உடனே சட்டையை முழுவதும் அமிழ்த்தி, 15 முதல் 20 நிமிடம் வைத்திருங்கள். பொட்டலத்தில் வேறு அளவு அச்சிட்டிருந்தால் அதையே பின்பற்றுங்கள். கரைசல் சூட்டில் விரைவில் வீரியம் இழக்கும் என்பதால் முன்கூட்டியே கரைத்து வைப்பது வீண். கறை முழுவதும் போகும் வரை இஸ்திரி போட வேண்டாம்.

கேள்வி: வெள்ளை மேலாடையில் ஜீன்ஸின் நீலம் ஏறியிருந்தது. ஹைட்ரோஸில் மறைந்த நீலம், வெளியே எடுத்ததும் திரும்பிவிட்டதே?

பதில்: ஜீன்ஸின் நீலம் இண்டிகோ. ஒடுக்கத்தில் அது உடைவதில்லை. நீரில் கரையும் மஞ்சள் வடிவமாக மாறுகிறது, அவ்வளவுதான். காற்றுப் பட்டால் மறுபடியும் நீலமாகும். வாளியிலிருந்து துணியைத் தூக்கிப் பிடித்தால், மஞ்சள் சாயல் பச்சையாகி, ஓரங்களிலிருந்து நீலம் படர்வதைக் கண்ணெதிரே காணலாம். சாயப்பட்டறைகளில் இண்டிகோ ஏற்றுவதே இதே ஹைட்ரோஸைக் கொண்டுதான் என்பதால், நீங்கள் அறியாமல் துணிக்குச் சாயம் போட்டிருக்கிறீர்கள் என்றுகூடச் சொல்லலாம்.

மஞ்சளாக இருக்கும்போதே துணியைப் பிழிந்து, சிறிது சோப்புத்தூள் சேர்த்த புதிய ஹைட்ரோஸ் கரைசலுக்கு மாற்றி, அதன் பிறகே அலசுங்கள். மேலாடை தூய வெள்ளைப் பருத்தியாக இருந்தால், இந்தச் சிரமமெல்லாம் தேவையில்லை. இண்டிகோவை மட்டும் பொறுத்தவரை நீர்த்த குளோரின் பிளீச்சே மேல், ஏனெனில் அது மூலக்கூற்றையே உடைத்துவிடுகிறது.

கேள்வி: பச்சைக் குர்தாவில் மட்டும் சிவப்புத் திட்டுகள். திட்டுகளை மட்டும் எடுக்க முடியுமா?

பதில்: கறை எது, துணியின் சொந்த நிறம் எது என்று ஹைட்ரோஸுக்குத் தெரியாது. பஞ்சில் கரைசலைத் தொட்டு உள்தையலில் ஓரிடத்தில் வைத்து, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். பச்சை சற்றே மங்கினாலும் அந்த எண்ணத்தைக் கைவிட்டுவிடுங்கள். அப்படியானால், நிறத்துணிக்கு ஏற்ற ஆக்சிஜன் வெளுப்பானில் ஊறவைத்துத் துவைப்பதே மிஞ்சியிருக்கும் வழி.

கேள்வி: பட்டு, கம்பளிக்கு இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: குளோரின் பிளீச் இவற்றை அரித்துவிடும் என்பதால், ஒடுக்கும் வெளுப்பானே ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. எனினும் சலவைச் சோடா சேர்க்காதீர்கள். நீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும், நேரமும் குறைவாக இருக்கட்டும். கம்பளி இழைக்கு உறுதி தரும் கந்தகப் பிணைப்புகளையும் ஒடுக்கம் தளர்த்தக்கூடும். விலை உயர்ந்த ஆடையென்றால் உலர்சலவை செய்பவரிடம் கொடுப்பதே நல்லது.

கேள்வி: தூள் கட்டிபிடித்து, நெடி அடிக்கிறது. வினிகர் சேர்த்தால் வீரியம் கூடுமா?

பதில்: கூடாது, ஆபத்துதான் கூடும். அமிலம் பட்டால் கந்தக டையாக்சைடு வெளியேறி மூச்சை முட்டவைக்கும். ஈரம் பட்ட தூள் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கவும் கூடும். கட்டிபிடித்த தூள் ஏற்கெனவே பெருமளவு வீரியம் இழந்ததுதான். புதிதாக வாங்கி, ஈரமில்லாத கரண்டியால் எடுத்து, காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். சன்னலைத் திறந்துவைத்து, கையுறை அணிந்து பயன்படுத்துங்கள்.