தொடைக் கட்டி: தடவிப் பார்த்தது போதாது, ஊசி வைத்துப் பாருங்கள்

வணக்கம். 8 வயது லாப்ரடார் நாய்க்குத் தொடையில் கட்டி, ஒரு நாள் வீங்கி மறுநாள் வற்றுகிறது, மருத்துவர் தடவிப் பார்த்துக் கொழுப்புக் கட்டி என்றார் என்கிறீர்கள். அந்த ஏற்ற இறக்கம்தான் கவலை தருகிறது. கொழுப்புக் கட்டி பொதுவாக அப்படிச் செய்யாது. மாஸ்ட் செல் கட்டி (நாய்களுக்கு வரும் ஒரு வகைத் தோல் புற்றுநோய்) செய்யும், வீக்கம் உண்டாக்கும் ஹிஸ்டமின் என்ற பொருள் அதிலிருந்து கசிவதால். தொட்டால் இரண்டுமே மெத்தென்று இருக்கலாம். அழுத்திப் பிசையாதீர்கள்.

22 கேஜ் என்னும் மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து செல் எடுத்துக் கண்ணாடித் தகட்டில் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் மயக்கமருந்து தேவைப்படாது. காயாத எண்ணெய்ப் பளபளப்பு மட்டும் இருந்தால் கொழுப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஊதாத் துகள்கள் நிறைந்த வட்டச் செல்கள் என்றால் மாஸ்ட் செல். செல்லுக்கு நிறமேற்றும் விரைவுச் சாயத்தில் அத்துகள்கள் சிலசமயம் தெரியாது, ஜீம்சா சாயமும் கேளுங்கள். தகடுகளைத் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தின் அருகே வைத்தால் ஆவி பட்டே சாயம் சரியாக ஏறாது. முடிவு வரும்வரை ஸ்டீராய்டு வேண்டாம். கட்டி சுருங்கி விடை மறைந்துவிடும்.