மூளை டிஃப்யூஷன் எம்ஆர்ஐ: படம் தெளிவாக வர என்ன செய்யலாம்?

மூளைக்குள் தண்ணீர் மூலக்கூறுகள் எந்தப் பக்கம் எவ்வளவு தாராளமாக நகர்கின்றன என்பதைக் காட்டுவது டிஃப்யூஷன் எம்ஆர்ஐ. பக்கவாதத்தைச் சீக்கிரம் பிடிக்கவும், நரம்பிழைப் பாதைகளை வரையவும் பயன்படுகிறது. இதைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் இவை. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

எம்ஆர்ஐ டெக்னீஷியன், 3 டெஸ்லா (காந்த வலு) மெஷின்: சார், நெற்றிப் பக்கம் மூளை எப்போதும் இழுத்துவிட்ட மாதிரி வருகிறது. ஷிம் (காந்தப்புலத்தைச் சீராக்குவது) பண்ணியும் போகவில்லை. மெஷின் கோளாறா?

கோளாறு இல்லை. சைனஸில் காற்று, அதை ஒட்டி எலும்பு, அடுத்து மூளை. அந்த எல்லையில் காந்தப்புலம் கொஞ்சம் பிசகும். மற்ற படங்களில் இது அவ்வளவாகத் தெரியாது. டிஃப்யூஷனுக்கு நாம் எடுப்பது ஈபிஐ (ஒரு ஸ்லைஸ் முழுவதையும் ஒரே மூச்சில் வாசிக்கும் வேக முறை) என்பதால்தான் இந்தப் பாடு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எக்கோ இடைவெளி (ஒரு கோட்டை வாசித்து அடுத்த கோட்டுக்குப் போக ஆகும் நேரம்) 0.6 மில்லிவினாடி, 100 கோடுகள் என்றால் ஒரு ஸ்லைஸை வாசிக்க 60 மில்லிவினாடி. அதாவது ஃபேஸ் திசையில் (கோடுகளை அடுக்கிக்கொண்டு போகும் திசை) ஒரு பிக்சலுக்கு 17 ஹெர்ட்ஸ்கூட இல்லை. சைனஸ் பக்கத்தில் புலம் 100 ஹெர்ட்ஸ் விலகினால் படம் 6 பிக்சல் நகர்ந்துவிடும். 2 மி.மீ. பிக்சலில் அது 12 மி.மீ.! பேரலல் இமேஜிங்கை (பல காயில்களின் உதவியால் கோடுகளைக் குறைத்து வாசிப்பது) 2 என்று வைத்தால் இது பாதியாகும். முதலில் அதைச் செய்யுங்கள். மெஷினில் ரிசால்வ், மியூஸ் மாதிரி பல ஷாட்டில் (தவணை தவணையாக) எடுக்கும் வசதி இருந்தால் இன்னும் குறையும், நேரம்தான் கூடும்.

அப்புறம், பி=0 படம் (டிஃப்யூஷன் எடை சேர்க்காத படம்) ஒன்றை எதிர் ஃபேஸ் திசையில் எடுத்து வையுங்கள். ஒன்றில் விரிந்த இடம் மற்றதில் சுருங்கியிருக்கும். இரண்டையும் கொடுத்தால் எஃப்எஸ்எல் மென்பொருளின் டாப்அப் கருவி புலத்தின் பிசகைக் கணக்கிட்டு நிமிர்த்திவிடும். ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை, ஆனால் அவசரத்தில் முதலில் வெட்டுப்படுவதும் இதுதான். பல பிக்சலின் சிக்னல் ஒரே இடத்தில் குவிந்துவிட்டால், ஒற்றைப் படத்தை வைத்துக்கொண்டு எந்த மென்பொருளாலும் அதைப் பிரிக்க முடியாது.

அதே சென்டரிலிருந்து: மூளைக்கு நடுவே பிறை மாதிரி ஒரு வெள்ளைக் கோடு?

தலைத்தோலின் கொழுப்பாக இருக்கும். 3 டெஸ்லாவில் கொழுப்பு சுமார் 440 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும். மேலே போட்ட கணக்குப்படி 26 பிக்சல். ஃபேட் சப்ரெஷன் (கொழுப்பின் சிக்னலை அடக்குவது) சரியாக வேலை செய்கிறதா பாருங்கள்.

ஆராய்ச்சி மாணவி: மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கிய ஹியூமன் கனெக்டோம் திட்டத்தில் 1.25 மி.மீ.யில் எடுத்திருக்கிறார்கள். எங்களிடம் 1.5 டெஸ்லா. இப்போது 2.5 மி.மீ.யில் எடுக்கிறோம். அவர்கள் அளவுக்குப் போகலாமா?

வேண்டாம். வாக்ஸலின் (முப்பரிமாணப் பிக்சல்) பக்கத்தைப் பாதியாக்கினால் கன அளவு எட்டில் ஒன்று, சிக்னலும் எட்டில் ஒன்று. பலமுறை எடுத்து ஆவரேஜ் செய்தால் தரம் வர்க்கமூலத்தில்தான் ஏறும். விட்டதைப் பிடிக்க 64 மடங்கு நேரம் ஆகும். அவர்களிடம் மீட்டருக்கு 100 மில்லிடெஸ்லா கிரேடியன்ட் (இடத்துக்கு இடம் மாறும் காந்தப்புலம்) இருந்தது. கிரேடியன்ட் வலுவாக இருந்தால் அதே பி மதிப்பை (டிஃப்யூஷன் எடையின் அளவு) குறைந்த டிஇயில் (சிக்னல் வாசிக்கும்வரை காத்திருக்கும் நேரம்) எட்டலாம், சிக்னல் மிஞ்சும். அப்படியிருந்தும் டிஃப்யூஷனுக்கு மட்டும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் படுக்க வைத்தார்கள். நீங்கள் 2.5-லேயே இருந்துகொண்டு, பி=1000-இல் டிஃப்யூஷனை அளக்கும் திசைகளின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். வெறும் இரைச்சலை அழகான வண்ணத்தில் பார்ப்பதால் பலன் இல்லை.

அதே மாணவி: டீநாய்சிங்கை (படத்தின் இரைச்சலை நீக்குவது) எப்போது செய்வது? கடைசியிலா?

முதல் வேலையே அதுதான். ஒவ்வொரு வாக்ஸலின் இரைச்சலும் தனித்தனி என்று நம்பித்தான் அந்த முறை ஓடுகிறது. அசைவுத் திருத்தம் செய்துவிட்டால் பக்கத்து வாக்ஸல்கள் கலந்துவிடும். எனவே டீநாய்சிங், பிறகு கிப்ஸ் வளையம் (கூர்மையான விளிம்பை ஒட்டி வரும் போலிக் கோடுகள்) நீக்குவது, அதற்குப் பிறகு டாப்அப்பும், அசைவைத் திருத்தும் எடி கருவியும். கன்சோலில் 128 மேட்ரிக்ஸை 256 ஆக்கும் இன்டர்பொலேஷன் தானாகவே ஓடுகிறதா என்றும் பாருங்கள். ஓடினால் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் இரண்டு படிகளும் கெடும்.

ஒரு வாசகர்: அப்பாவுக்குப் பக்கவாதச் சந்தேகம். தலை அசைந்ததால் ஸ்கேனை மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். கதிர்வீச்சு ஏறாதா?

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. டிஃப்யூஷன் பகுதி சில நிமிடங்களில் முடியும். தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். தலைக்கு இருபுறமும் பஞ்சு மெத்தை வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

ரேடியாலஜி பிஜி மாணவர்: வண்ண எஃப்ஏ படம் (நரம்பிழையின் திசையை நிறத்தில் காட்டுவது) சரியாக இருக்கிறது. மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்பஸ் கலோசம் சிவப்பாகத்தான் தெரிகிறது. ஆனால் டிராக்டோகிராஃபி (நரம்பிழைப் பாதை வரைவது) பாதியில் அறுந்துபோகிறது.

வண்ணத்தை நம்பாதீர்கள். அது திசையின் குறியைப் பார்ப்பதில்லை. பி-வெக்டரில் (அளந்த திசைகளின் பட்டியல்) ஓர் அச்சு தலைகீழாக இருந்தாலும் சிவப்பு சிவப்பாகவே வரும். ஒவ்வொரு வாக்ஸலிலும் கோடுகளை வரைந்து, கலோசத்தின் முன்பக்க வளைவில் பெரிதாக்கிப் பாருங்கள். கோடுகள் வளைவோடு ஒட்டிப் போகாமல் குறுக்கே வெட்டினால், ஓர் அச்சின் குறியை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். அசைவுத் திருத்தம் செய்தவர்கள், எடி சுழற்றிக் கொடுக்கும் புது பி-வெக்டர் கோப்பைத்தான் எடுக்க வேண்டும். பழையது அதே ஃபோல்டரில் கிடக்கும், கை தானாக அதற்குத்தான் போகும்.