பாதம் எரிகிறது, கூட்டு மருந்தை நிறுத்தலாமா?

கேள்வி: பல ஆண்டுகளாக எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து சாப்பிட்டு வருகிறேன். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டதாகப் பரிசோதனை முடிவு சொல்கிறது. ஆனால், இரு பாதங்களிலும் எரிச்சலும் ஊசி குத்துவது போன்ற வலியும் இருக்கின்றன. இரவில் போர்வை பட்டாலே தாங்க முடிவதில்லை. கடையில் வாங்கும் வலி மாத்திரைக்கும் கேட்கவில்லை. கூட்டு மருந்தை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சில வாரங்களிலேயே வைரஸ் மீண்டும் பெருகும்; நரம்புகளைச் சேதப்படுத்துவதில் அந்த வைரஸுக்கும் பங்கு உண்டு என்பதால், வலி குறைவதற்கு மாறாகக் கூடவும் செய்யலாம்.

நீங்கள் விவரிப்பது கால்விரல்களில் தொடங்கி மெல்ல மேலேறும் நரம்புப் பாதிப்பைப் போலத் தெரிகிறது. ஸ்டாவுடின், டிடனோசின் ஆகிய பழைய எச்.ஐ.வி. மருந்துகள் இதற்குப் பேர்போனவை. ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009-இல் அறிவுறுத்தியது. அவற்றை எப்போதோ சாப்பிட்டு மாற்றிக்கொண்டவர்களுக்கும் அன்றைய சேதம் நரம்பில் தங்கியிருக்கக்கூடும். ஆகவே, இன்றைய மாத்திரையைச் சந்தேகிக்கும் முன், பழைய மருந்துச் சீட்டுகளைத் தேடி எடுங்கள். காசநோய்க்கு ஐசோனியசிட் சாப்பிட்டதுண்டா, அப்போது பி6 வைட்டமின் சேர்த்துத் தரப்பட்டதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நீரிழிவு, பி12 குறைபாடு, மதுப்பழக்கம் ஆகியவற்றையும் அவர் பார்ப்பார்.

டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் நரம்பு வலிக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. அதைவிட முக்கியமாக, உங்கள் கூட்டு மருந்தில் டெனோஃபோவிர் இருந்தால், இவற்றை நாள்கணக்கில் சாப்பிடுவது சிறுநீரகத்தைக் கெடுத்துவிடலாம். இவ்வகை வலிக்குப் பொதுவாக முதலில் தரப்படுவது கேபபென்டின். குறைந்த அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள் என்பதால் மூன்றாம் நாளே பலனில்லை என்று கைவிட வேண்டாம். தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் வரலாம். பலரும் கேட்கும் அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து, எச்.ஐ.வி. நரம்பு வலிக்கென்றே நடந்த ஆய்வுகளில் வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாக வேலை செய்யவில்லை. தூக்கத்துக்கு வேண்டுமானால் உதவலாம். வேறொருவருக்கு எழுதித் தரப்பட்ட கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தை நீங்களாக விழுங்கிவிடாதீர்கள். அது, கூட்டு மருந்தில் இருக்கக்கூடிய டொலுடெகிராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும்.

வைரஸ் எண்ணிக்கை நன்றாக இருந்துவிட்டால் மருத்துவமனைப் பேச்சு அத்தோடு முடிந்துவிடுவது வழக்கமாகிவிட்டது; அதை நான் சரியென்று ஏற்க மாட்டேன். வலி எப்போது கூடுகிறது, எத்தனை முறை தூக்கம் கலைகிறது என்று ஒரு வாரம் குறித்துக் கொண்டுபோய், நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். வலியோடு மரத்துப்போதலும் இருந்தால், காயம் பட்டாலும் தெரியாது; தினமும் உள்ளங்கால்களைப் பார்த்துக்கொள்ளுங்கள். கால் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ, அடுத்த மருத்துவ நாள்வரை காத்திராமல் அன்றே செல்லுங்கள்.