கதைப் புத்தகமும் கையுமாக ஒரு பெண்

அன்புள்ள அம்மா,

சென்ற வாரம் படிப்பு ஆலோசனைக்காக என்னிடம் மகளை அழைத்துக்கொண்டு வந்தபோது நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான். “எந்நேரமும் கதைப் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். கேட்டால் நாவல் எழுதப்போகிறேன் என்கிறாள். அதற்கு என்ன படிக்க வைப்பது?” அடுத்தவர் காத்திருந்ததால் அரைகுறையாகப் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். மீதியை இப்போது எழுதுகிறேன்.

நாவலாசிரியர் ஆவதற்கென்று ஒரு பட்டம் கிடையாது. இலக்கியம் படித்தால் எழுத்து வந்துவிடும் என்பதும் இல்லை, கணக்குப் பதிவியல் படித்தால் எழுத்து செத்துவிடும் என்பதும் இல்லை. ஆனால் வாசிப்பிலிருந்து எழுத்துக்குப் போகும் வழி ஒன்று உண்டு. உங்கள் மகள் அதில் கால் வைத்துவிட்டாளா என்று பார்க்கத்தான் அன்று அவளிடம் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தேன். நீங்கள் அப்போது செல்பேசியில் யாருடனோ பேசிக்கொண்டிருந்தீர்கள்.

கடைசியாகப் படித்த நாவலின் கதையைச் சொல்லச் சொன்னேன். மூச்சு விடாமல் சொன்னாள். அதில் எனக்கு வியப்பில்லை. நிறையப் படிக்கும் எந்தப் பிள்ளையும் சொல்லும். “அந்த அண்ணன் பொய் சொல்கிறான் என்று உனக்கு எப்போது சந்தேகம் வந்தது?” என்று கேட்டேன். சட்டென்று நின்றுவிட்டாள். பையிலிருந்து புத்தகத்தை எடுத்தாள், முன்னும் பின்னும் புரட்டினாள், ஒரு பத்தியில் விரலை வைத்தாள். “இங்கே எல்லாரும் தண்ணீர் குடிக்கிறார்கள். இவன் மட்டும் டம்ளரைக் கையிலேயே வைத்திருக்கிறான். அதைச் சொல்லிவிட்டு ஆசிரியர் வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறார்” என்றாள்.

எனக்கு அது போதும். அடுத்து என்ன நடக்கும் என்று படிப்பவர் வாசகர். இதை எப்படிச் செய்தார் என்று பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவருக்கு எழுத்தின் அரிப்பு தொடங்கிவிட்டது என்று பொருள். முதல் வகையில் குறை ஒன்றுமில்லை, நானே அந்த வகைதான். நாற்பது வருடமாகப் படிக்கிறேன், ஒரு சிறுகதைகூடத் தேறவில்லை.

இனி அவள் செய்ய வேண்டியது அதே வேலையை விடாமல் செய்வது. பிடித்த நாவலிலிருந்து ஒரு பக்கத்தைக் கையால் பார்த்து எழுதட்டும். கண் தாண்டிப் போகும் இடத்தில் கை நிற்கும். ஒரு பாத்திரம் அறைக்குள் வந்ததை ஆசிரியர் சொன்னாரா, சொல்லாமலே விட்டாரா, உரையாடல் எங்கே முறிகிறது, பத்து ஆண்டுகள் ஒரே வரியில் எப்படிக் கடந்தன என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு, தான் கண்ணால் கண்ட ஒரு சண்டையை அதே முறையில் ஒரு பக்கம் எழுதட்டும்.

நன்றாக வராது. இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நிறையப் படித்த பிள்ளைகள்தான் இந்த இடத்தில் மனம் உடைகிறார்கள். நல்லது எது என்று அவர்களுக்குத் தெரியும், கைக்கு இன்னும் வரவில்லை. தன் வரியைப் படித்தால் தனக்கே கூசும். கிழித்துப் போடாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் பிடித்த எழுத்தாளரின் சாயல் அடிக்கத்தான் செய்யும். ஒருவரை மட்டுமே படித்தால்தான் அது ஆபத்து. பத்துப் பேரைப் படித்தால் ஒருவர் சாயலை இன்னொருவர் கலைத்துவிடுவார்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுத்தர அளவு நாவல் ஒன்று சுமார் 70,000 சொற்கள். நாளுக்கு 300 சொல் எழுதினால் எட்டு மாதத்தில் முதல் வரைவு கையில் இருக்கும். ஆந்தனி டிராலப் என்ற ஆங்கில நாவலாசிரியர் தபால் துறையில் 33 ஆண்டுகள் வேலை பார்த்தவர். காலை ஐந்தரைக்கு உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு, கால் மணிக்கு 250 சொல் என்று எழுதிவிட்டு அலுவலகம் போவார். வாழ்நாளில் மொத்தம் 47 நாவல்கள் எழுதினார். அந்த வேகம் எல்லாருக்கும் ஒத்துவராது, உங்கள் மகளுக்கும் நான் பரிந்துரைக்கவில்லை. தினமும் உட்கார்ந்தார் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சோற்றுக்கு என்ன வழி என்று நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை, முகத்தில் தெரிந்தது. நூலின் விலையில் ஏறக்குறைய பத்து சதவிகிதம்தான் எழுத்தாளருக்கு வரும், அதுவும் விற்றால். ஆகவே வேலை ஒன்று வேண்டும். மாலையில் மூளையைக் கொஞ்சமாவது மிச்சம் வைக்கும் வேலையாக இருந்தால் நல்லது. பதிப்பகத்தில் பிரதி திருத்துவது, மொழிபெயர்ப்பு, நூலகம், ஆசிரியப் பணி ஆகியவை பொருந்தும். விளம்பர வாசகம் எழுதும் வேலையைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. பகல் முழுவதும் சொற்களை விற்றுவிட்டு வருகிறவருக்கு இரவில் சொல்லைக் கண்டாலே சலிப்பு வந்துவிடுகிறது. டோனி மாரிசன் என்ற அமெரிக்க நாவலாசிரியர் பதிப்பகத்தில் பதிப்பாசிரியராக இருந்துகொண்டு, இரண்டு மகன்களைத் தனியாக வளர்த்துக்கொண்டு எழுதினார். முதல் நாவல் 1970இல் வந்தபோது அவருக்கு வயது 39. தான் படிக்க விரும்பிய புத்தகம் கிடைக்கவில்லை என்பதால்தான் அதை எழுதியதாகச் சொல்லியிருக்கிறார்.

போர்ச்சுகல் நாவலாசிரியர் ஜோசே சரமாகோவின் கணக்கு இன்னும் விசித்திரம். மெக்கானிக் படிப்புப் படித்து, கார் பட்டறையில் வேலை பார்த்தவர். மாலை வேளைகளில் லிஸ்பன் பொது நூலகத்தில் உட்கார்ந்து, வழிகாட்ட யாருமில்லாமல் கையில் கிடைத்ததைப் படித்தார். முதல் நாவல் 1947இல் வந்தது. அடுத்த நாவல் அச்சானது 1977இல். நோபல் பரிசு 1998இல். இடைப்பட்ட முப்பது வருடத்தை அவருடைய தாய் எப்படிப் பார்த்திருப்பார் என்று நான் சில சமயம் யோசிப்பதுண்டு.

ஆகவே கல்லூரி விண்ணப்பத்தில் எந்தப் பாடத்தை நிரப்பினாலும் எனக்குச் சம்மதமே. மதிப்பெண்ணும் விருப்பமும் எதில் ஒத்துப்போகிறதோ அதில் சேருங்கள். வாசிப்புக்கு நேரமே விடாத படிப்பை மட்டும் அவள் தலையில் கட்ட வேண்டாம்.

எழுதியதை ஒருநாள் உங்களிடம் காட்டுவாள். “நன்றாக இருக்கிறது” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். எந்த இடத்தில் உங்களுக்கு அலுத்தது, எந்த இடத்தில் அடுத்த பக்கம் திருப்பத் தோன்றியது என்று சொல்லுங்கள். எழுத்தாளருக்கு அதைவிடப் பயன்படும் விமர்சனம் கிடைப்பது அபூர்வம்.

இன்னொன்று. தேர்வு முடியட்டும் என்று ஒரு நாவலைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறீர்களாம். 112ஆம் பக்கத்தில் நிற்கிறதாம், அவள்தான் சொன்னாள். இன்று மாலையே சாவியைக் கொடுத்துவிடுங்கள்.