மார்க் வேற, பர்சன்டைல் வேற: ஜேஇஇ, நீட் ஸ்கோர் பத்தி நீங்க கேட்டது

கே: ஆன்சர் கீ வச்சு கூட்டிப் பாத்தா பையனுக்கு ஜேஇஇ மெயின்ல 300க்கு நூறு மார்க் சுத்தி தான் வருது, ஆனா ரிசல்ட்ல 92னு போட்டுருக்கு. எது சரி சார்?

ப: ரெண்டுமே சரி தாங்க. அந்த 92 அவன் எடுத்த மார்க் இல்ல, பர்சன்டைல். அதாவது அவன் எழுதின ஷிப்ட்ல (ஒரு வேளைத் தேர்வுல) அவன் அளவுக்கோ அதுக்குக் கீழயோ எடுத்தவங்க நூத்துக்கு எத்தனை பேர்ங்கிறது. ஒரு ஷிப்ட்ல 1,00,000 பேர் எழுதி அதுல 92,000 பேர் அவன் மார்க்குக்கு சமமாவோ கம்மியாவோ இருந்தா 92. ரேங்க் உத்தேசமா தெரியணும்னா மொத்தம் 12 லட்சம் பேர் எழுதினதா வச்சுக்கோங்க, மேல இருக்குறது 8 சதவீதம், அப்ப 96,000 பக்கம் வரும். "92 எடுத்தும் என்ஐடி கிடைக்கலயா"ன்னு பிள்ளைங்கள திட்டுற வீடு நிறைய இருக்கு, தயவுசெஞ்சு அதை பப்ளிக் எக்ஸாம் 92 மாதிரி பாக்காதீங்க.

கே: எனக்கு 150, ஃப்ரெண்டுக்கு 140. ஆனா அவனுக்கு பர்சன்டைல் கூட. இது அநியாயம் இல்லையா அண்ணா?

ப: கோபம் புரியுது தம்பி, ஆனா நீங்க ரெண்டு பேரும் ஒரே பேப்பர் எழுதலையே. பல நாள், பல ஷிப்ட், ஒவ்வொண்ணுக்கும் தனி கேள்வித்தாள், அதுல ஒண்ணு ஈஸியா வரும் ஒண்ணு கழுத்தை அறுக்கும். ஈஸி பேப்பர்ல 150 எடுத்தவங்க கூட்டமா இருப்பாங்க, கஷ்டமானதுல 140க்கே ஆள் கம்மி. அதனால 2019ல என்டிஏ (தேர்வு நடத்துற தேசிய தேர்வு முகமை) கைக்கு வந்ததுல இருந்தே மார்க்கை நேரா ஒப்பிடாம, அந்தந்த ஷிப்ட் ஆளுங்களுக்குள்ள மட்டும் எங்க நிக்கிறன்னு பாக்குறாங்க. இதனால தான் ஒவ்வொரு ஷிப்ட் டாப்பருக்கும் 100 வருது, அவர் 300ம் எடுத்துருக்கணும்னு அவசியமே இல்ல. என்னைக் கேட்டா இருக்குறதுல இது தான் நியாயம், ஆனா எல்லா ஷிப்ட்லயும் பசங்க தரம் ஏறக்குறைய ஒண்ணுன்னு நம்பித்தான் இது நிக்குது. மேல நெரிசல் அதிகம், அதான் ஏழு டெசிமல் வரைக்கும் போறாங்க, அதுலயும் சமமா வந்தா முதல்ல மேத்ஸ் பாப்பாங்க.

கே: மூணு சப்ஜெக்ட் பர்சன்டைலையும் கூட்டி மூணால வகுத்தா டோட்டல் வரல?

ப: வராது. டோட்டல் மார்க்கை வச்சு தனியா ரேங்க் பண்ணுவாங்க. மூணுலயும் ஒரே மாதிரி நல்லா பண்றவங்க கம்மிங்கிறதால, மூணுலயும் 90 வாங்கின பொண்ணுக்கு டோட்டல் அதை விட மேல போகலாம்.

கே: தெரியாத கேள்விய விடறதா, குத்துமதிப்பா போடறதா?

ப: சரின்னா +4, தப்புன்னா -1. நாலு ஆப்ஷன்ல ரெண்டை உறுதியா அடிச்சுட்டா தாராளமா போடு, சராசரியா லாபம் தான். ஜேஇஇல விடையை நம்பரா போடுற நியூமரிக்கல் கேள்வில ஆப்ஷனே இல்ல, 2022ல இருந்து அதுக்கும் நெகட்டிவ் உண்டு, தெரியலன்னா கை வைக்காத.

கே: நீட்ல 718 எடுக்க முடியுமா?

ப: 720ல ஒண்ணை விட்டா 716, ஒண்ணு தப்பானா 715. நடுவுல எதுவும் கிடையாது. 2024ல 718, 719 வந்தப்போ ஊரே கேள்வி கேட்டதுக்குக் காரணம் அதான், டைம் போச்சுன்னு 1,563 பேருக்கு கிரேஸ் மார்க் குடுத்துருந்தாங்க. விஷயம் சுப்ரீம் கோர்ட் போயி, கிரேஸ் ரத்தாகி, அவங்களுக்கு ஜூன் 23 மறுபடி எக்ஸாம் வச்சாங்க. ஒரு பேப்பர்ல கணக்கு உதைக்குதுன்னு கண்டுபிடிக்க மார்க்கிங் ஸ்கீம் தெரிஞ்சாலே போதும், பெத்தவங்களும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

கே: ஜனவரில 60 பர்சன்டைல் தான் வந்துச்சு, ஏப்ரல்ல இன்னும் குறைஞ்சா போச்சா? அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்கும் போயிடுமாண்ணா?

ப: குறையவே குறையாதும்மா, ரெண்டுல எது கூடவோ அது தான் கணக்கு, தைரியமா எழுது. நீ சொல்ற அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங், அதாவது டிஎன்இஏ (தமிழ்நாடு என்ஜினியரிங் சேர்க்கை), ஜேஇஇயைப் பாக்கவே பாக்காது, பிளஸ் டூ மேத்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50ன்னு மாத்தி 200க்கு கட் ஆஃப். இதுல மேத்ஸ் தான் பாதி. பப்ளிக் மார்ச்ல, இப்போதைக்கு மேத்ஸ் புக்கை எடு.