மருத்துவச்சிக்கு அரசுப் பதிவு எதற்கு?

பிரசவம் பார்க்கும் பயிற்சியை முடித்தவரின் பெயரை மாநிலச் செவிலியர் கவுன்சில் தன் பதிவேட்டில் ஏற்றுவதுதான் பதிவு. தமிழ்நாட்டில் இது 1926-ஆம் ஆண்டுச் செவிலியர், மருத்துவச்சிகள் சட்டத்தின் கீழ் நடக்கிறது. ஏ.என்.எம் (துணைச் செவிலியர்-மருத்துவச்சி படிப்பு), மூன்றாண்டு நர்சிங் டிப்ளமோ, நான்காண்டு பி.எஸ்சி நர்சிங் என எதைப் படித்திருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும்.

காரணம் எளியது. வலியில் துடிக்கும் பெண்ணால் எதிரில் நிற்பவரின் திறமையைச் சோதித்துப் பார்க்க முடியாது. தவறு நடந்தால் திருத்த நேரமும் இருக்காது. ஆக்ஸிடோசின் ஊசியையே பாருங்கள். குழந்தை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் 10 யூனிட் தசையில் போட்டால் கருப்பை இறுகி, ரத்தப்போக்கு குறையும். அதையே 'சீக்கிரம் பிறக்கட்டும்' என்று முன்கூட்டித் தசையில் போட்டால் கருப்பை விடாமல் இறுகும். குழந்தைக்குப் போகும் ஆக்ஸிஜன் குறையும், கருப்பையே கிழியவும் கூடும். மருந்து ஒன்றுதான், சில நிமிட வித்தியாசம் உயிரைப் பறிக்கிறது.

டிரைவிங் லைசென்ஸ் மாதிரிதான் இதுவும். டூவீலர் லைசென்ஸை வைத்துக்கொண்டு பஸ் ஓட்ட முடியாது. சுகப்பிரசவம் பார்க்கத் தகுதி பெற்றவர் சிசேரியன் செய்ய முடியாது. ரத்தப்போக்கு 500 மில்லியைத் தாண்டினாலோ வலிப்பு வந்தாலோ, முதலுதவி மருந்தைக் கொடுத்து உடனே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். எந்தக் கட்டத்தில் அனுப்புவது என்று தெரிந்திருப்பதுதான், என் பார்வையில், இந்தப் பயிற்சியின் உயிர்நாடி.

படிப்புச் சான்றிதழே உரிமம் என்று பலர் நினைக்கிறார்கள். அது படித்ததற்கு மட்டுமே சாட்சி, பதிவு எண் தனியாக வாங்க வேண்டும், கடுமையான தவறு நிரூபணமானால் அந்தப் பெயரைக் கவுன்சில் நீக்கவும் முடியும்.